கல்லில் ஒட்டிய காற்றுச் செடி ஏன் அழுகியது?

கேள்வி: மண்ணில்லாமல் வளரும், கட்டைவிரல் அளவு காற்றுச் செடி ஒன்றை இணையத்தில் 15 வெள்ளிக்கு வாங்கினேன். சிறு வாய் வைத்த கண்ணாடிக் குமிழுக்குள் கூழாங்கல்லில் பசை போட்டு ஒட்டியிருந்தது. தினமும் ஸ்பிரே அடித்தால் போதும் என்று செய்தி அனுப்பினார் விற்றவர். மூன்றே வாரத்தில் அடி கறுத்து, நடு இலைகள் கையோடு வந்துவிட்டன. பணம் திரும்பக் கிடைக்குமா? இன்னொன்று வாங்கினால் எப்படி வைப்பது?

பதில்: நடு இலை கையோடு வந்தால் அழுகல்தான், அந்தச் செடி இனித் தேறாது. அளவைப் பார்த்தால் டில்லாண்ட்சியா அயோனாந்தாவாக இருக்கும். அன்னாசிக் குடும்பம்; மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மரக்கிளையிலும் பாறையிலும் தொற்றி வளர்வது. வேர் பிடிமானத்துக்கு மட்டுமே. தண்ணீரை உறிஞ்சுவது இலைமேல் உள்ள நுண்செதில்கள். மழையில் நனையும், ஆனால் காற்று சீக்கிரம் உலர்த்திவிடும். நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில், அதுவும் குமிழுக்குள், அடித்த ஸ்பிரே காயவே காயாது. போதாக்குறைக்கு அடியைச் சுற்றிப் பசை. அங்கே தேங்கிய ஈரம்தான் கறுப்பாகியிருக்கிறது.

அடுத்த முறை ஒட்டாத செடியாக வாங்குங்கள். அடியை இரு விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். நீலம், ஊதா என்று சாயம் பூசியதைத் தொடாதீர்கள். பூச்சு செதில்களை அடைத்துவிடும். நடு இலைகள் தாமாகவே சிவந்திருந்தால் பூக்கப்போகிறது என்று பொருள். ஒருமுறை பூத்தபின் தாய்ச்செடி மெல்லப் பட்டுப்போகும், ஆனால் பக்கத்தில் குட்டிகள் விடும். அதனால் பயமில்லாமல் வாங்கலாம்.

கரடுமுரடான எரிமலைக் கல்லோ கருங்கல்லோ எடுத்து, செடியைச் சற்றுச் சாய்த்து, தூண்டில் நரம்பால் இரண்டு சுற்றுக் கட்டினால் போதும். செம்புக் கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம், செம்பு இதற்கு விஷம். கடற்கரைக் கல் என்றால் உப்புப் போக நாலைந்து நாள் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள்.

வாரம் ஒருமுறை காலையில், கல்லோடு சேர்த்து 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் முக்குங்கள். குளிர்சாதன அறை என்றால் வாரம் இருமுறை. எடுத்ததும் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறி, காற்றாடிக்கு எதிரே வையுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். இரவில் நனைக்காதீர்கள், இந்தச் செடி இரவில்தான் கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது. மாதம் ஒருமுறை, யூரியா இல்லாத உரத்தைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கால்பங்காகக் கரைத்து முக்கலாம். உச்சி வெயில் படாத, வெளிச்சமான சன்னலோரம் சரியான இடம். வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்தால் அடியில் தட்டு வேண்டாம்; தேங்கும் தண்ணீரில் கொசு முட்டையிடும்.

பணத்துக்கு வருவோம். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை பொதுவாக விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். ஆனால் பொருளின் தன்மைக்கு அப்படிக் கருதுவது பொருந்தாவிட்டால் அந்த விதி செல்லாது. உயிருள்ள செடி என்றால் விற்றவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். உங்கள் பலம் அவர் எழுத்தில் தந்த தவறான பராமரிப்புக் குறிப்பு. அந்த உரையாடலையும் கறுத்த அடியின் படத்தையும் விற்பனைத் தளத்துக்கு உடனே அனுப்புங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் செய்யலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் வரை போகவும் வழி உண்டு, ஆனால் 15 வெள்ளிக்காக அத்தனை அலைச்சல் கட்டுப்படியாகாது.