மகள் தொழிலை எடுத்து நடத்தலாமா? கரூர் அப்பா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் பிளஸ் டூ காமர்ஸ் படிக்கிறாள், பட்டப்படிப்பு முடிந்ததும் கரூரில் இருக்கும் உங்கள் ஹோம் டெக்ஸ்டைல் யூனிட்டைத் தானே எடுத்து நடத்த ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு உள்ளூரப் பெருமைதான் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் பங்காளிகள் ஒன்று சொல்ல, மைத்துனர் இன்னொன்று சொல்ல, கடைசியில் "பேசாமல் ஒரு பொட்டிக் வைத்துக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

தொழிலையே எடுத்து நடத்தட்டும் என்பதுதான் என் பதில். அவளுக்கு அது முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தேகம் இல்லை. முடிவெடுக்கும் உரிமையை அவள் கையில் உண்மையாகவே கொடுப்பீர்களா என்பதுதான் என் கவலை. வீட்டுத் தொழிலில் பெண்கள் தடுமாறிய கதைகளை விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

முதலில், "கல்யாணம் ஆகிப் போயிட்டா தொழில் என்ன ஆவது?" என்ற கேள்வி. சென்னையின் டாஃபே டிராக்டர் நிறுவனம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மல்லிகா சீனிவாசன் அமெரிக்காவில் வார்ட்டன் கல்லூரியில் எம்பிஏ முடித்துவிட்டு 1986-ல் தன் அப்பா சிவசைலத்தின் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போதே அவருக்குத் திருமணம் ஆகியிருந்தது. கணவர் டிவிஎஸ் குடும்பத்தைச் சேர்ந்த வேணு சீனிவாசன். புகுந்த வீட்டிலேயே அவ்வளவு பெரிய தொழில் இருந்தும், அவர் நடத்தியது பிறந்த வீட்டுத் தொழிலை. 2005-ல் ஐஷர் நிறுவனத்தின் டிராக்டர் பிரிவையும் டாஃபே வாங்கியது. இன்று இந்திய டிராக்டர் விற்பனையில் மஹிந்திராவுக்கு அடுத்த பெயர் அதுதான். பெரிய வீட்டுப் பெண், அவருக்கென்ன என்பீர்கள். உண்மைதான், வசதி இருந்தது. அதே வசதியோடு பிறந்து, நல்ல நாளில் யூனிட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டுப் போகும் மகள்களும் இருக்கிறார்கள். இவருக்கு வேலையும் கிடைத்தது, அதிகாரமும் கிடைத்தது.

மகன் என்றால் கூடவே இருப்பான் என்ற நம்பிக்கைக்கும் இன்று பெரிய ஆதாரம் இல்லை. பிள்ளை கனடாவிலோ பெங்களூரிலோ செட்டில் ஆகிவிட, தறியையும் மெஷினையும் விலைக்குப் பேசிக் கொடுத்த வீடுகளை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. அதில் ஏற்கெனவே மணமான பெண்கள் சேரவில்லை. 2005-ல் மத்திய சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. நீங்கள் சுயமாகச் சம்பாதித்த யூனிட் என்றால் கதை வேறு. அது யார் பேரில் இருக்கிறதோ அவர்தான், யாருக்கு என்பதை எழுதி வைக்க வேண்டும். வரன் பார்க்கத் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். தொழிலை அவள்தான் நடத்தப் போகிறாள் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடலாம். அதைக் கேட்டுவிட்டு ஒதுங்குகிறவர்கள் ஒதுங்கட்டும்.

அடுத்தது, "ஆட்கள் மதிப்பார்களா?" இதைத்தான் நீங்கள் அதிகம் யோசித்திருக்கிறீர்கள், அதனால் நானும் கொஞ்சம் நின்று பேசுகிறேன். உங்கள் யூனிட்டில் தையலில் யார் இருக்கிறார்கள்? செக்கிங், பேக்கிங்கில்? பாதிக்கு மேல் பெண்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அவ்வளவு பெண்கள் உழைக்கும் இடத்தில் சூப்பர்வைசர், மேனேஜர், முதலாளி என்று மேலே போகப் போக ஆண்களாகவே இருப்பதால், பெண் சொன்னால் ஆட்கள் கேட்க மாட்டார்கள் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். வேலை தெரிந்தவர், சனிக்கிழமை கூலியைச் சரியாகப் போடுகிறவர், தவறைத் தவறென்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் ஆட்கள் கேட்பார்கள். நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தபோது உங்களையும் பழைய மாஸ்டர்கள் சோதித்துத்தான் பார்த்திருப்பார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பெண் என்பதால் நிலைமை வேறாகிறது. சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் ஷேட் மாறியிருக்கிறது, மகள் அதைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் உங்களுக்கு போன் செய்வார். "சரி, இந்த ஒரு தடவை ஓட்டிக்கோங்க" என்று நீங்கள் சொல்லிவிட்டால், அன்றைக்கே அவள் பேச்சுக்கு மதிப்புப் போயிற்று. மகனாக இருந்தால் "சின்னவர் கோபக்காரர்" என்று சொல்லி மறுநாள் மறுபடி அவன் சொன்னதைக் கேட்பார்கள். மகளுக்கு அப்படி இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பது கஷ்டம். அவள் முடிவு தவறு என்று பட்டால் வீட்டில் வைத்துச் சொல்லுங்கள். ஆட்கள் முன்னால், "பாப்பா என்ன சொல்லுச்சோ அதுதான்" என்று மட்டும் சொல்லுங்கள்.

ரிஸ்க் பற்றி. பெண்கள் பயந்து பயந்துதான் தொழில் செய்வார்கள் என்று உங்கள் மைத்துனர் சொன்னாராம். கிரண் மஜும்தார் ஆஸ்திரேலியாவில் மதுவடிப்புத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தார். பெண் என்பதால் இங்கே அந்த வேலை கிடைக்கவில்லை. 1978-ல், 25 வயதில், பெங்களூரில் வாடகை வீட்டின் கார் ஷெட்டில் 10,000 ரூபாய் முதலோடு, இன்று பெரிய மருந்து நிறுவனமான பயோகானைத் தொடங்கினார். வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின. அந்தக் கதையில் பயந்தது யார் என்று மைத்துனரிடம் கேட்டுப் பாருங்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டார்ட்அப் நிறுவனர்களிடம் முதலீட்டாளர்கள் மேடையில் கேட்ட கேள்விகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. ஆண்களிடம் பெரும்பாலும் "எப்படிப் பெரிதாக்குவீர்கள்?" என்ற மாதிரிக் கேள்விகள். பெண்களிடம் "இருப்பதை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?" என்ற மாதிரிக் கேள்விகள். முதல் வகைக் கேள்வி வந்தவர்களுக்கே அதிகப் பணமும் வந்தது. கேள்வி கேட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள், அவர்களும் அப்படியேதான் கேட்டார்கள். இப்போது உங்கள் வீட்டை யோசியுங்கள். தொழிலுக்கு வருகிறேன் என்று மகள் சொன்னதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "நஷ்டம் வந்தா என்ன பண்ணுவ?" அவள் தம்பி பத்தாம் வகுப்பு படிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவன் இதையே சொன்னால் முதலில் என்ன கேட்பீர்கள்? நஷ்டத்தைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும். அதோடு, ஐந்து வருடத்தில் யூனிட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்துவாய், எந்த நாட்டு பையரை, அதாவது மொத்தமாக வாங்குகிறவரை, புதிதாகப் பிடிப்பாய் என்றும் கேளுங்கள். அதற்கும் அவள் பதில் யோசித்து வைத்திருப்பாள்.

குழந்தை பிறந்தால் எல்லாம் நின்றுபோகும் என்ற பயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கொஞ்ச காலம் வேகம் குறையும், அவ்வளவுதான். ஃபால்குனி நாயர் இரண்டு பிள்ளைகளை வளர்த்து, கோடக் குழுமத்தில் நீண்ட காலம் உயர் பொறுப்பில் இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது 2012-ல்தான் அழகுசாதனப் பொருட்கள் விற்கும் நைக்காவைத் தொடங்கினார். 2021-ல் அந்த நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. தொழில் வாழ்க்கை நீளமானது. நடுவில் இரண்டு வருடம் மெதுவாகப் போனால் யூனிட் மூடிவிடாது, நம்பிக்கையான மேனேஜர் ஒருவர் இருந்தால்.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி வரை இருக்க வேண்டும், வெளியூர் போக வேண்டும். அதற்கு வண்டியும் டிரைவரும் ஏற்பாடு செய்வதுதான் வழி. இன்னொன்று: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க ஒரு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் யூனிட்டில் இல்லையென்றால் இப்போதே அமையுங்கள். மகளுக்காக யோசிக்கும் அந்தப் பாதுகாப்பு உங்களிடம் தைக்கிற பெண்களுக்கும் வேண்டியதுதான்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி. "யூனிட் என் மனைவி பேரில்தான் இருக்கிறது, அதனால் எங்கள் வீட்டில் பெண்கள் தொழில் செய்வது புதிதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே, அவர் ஆபீசுக்கு வந்ததில்லை, செக்கில் கையெழுத்து மட்டும் போடுவார் என்றும் சொல்கிறீர்கள். பெண்களும் தொழிலும் என்று பேசும்போது எனக்கு அதிகம் வருத்தம் தருவது இந்த எண்ணம்தான். முடியாது என்று சொல்கிறவர்களிடம் வாதாடலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் என்று நம்புகிறவர்களிடம் பேச்சைத் தொடங்குவதே கஷ்டம்.

பெரிய கம்பெனிகளிலும் இது நடந்ததுதான். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொன்னதும், பல இடங்களில் மனைவி, மகள் என்று வீட்டுப் பெண்களையே உட்கார வைத்தார்கள். பிறகு பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, குடும்பத்துக்கு வெளியே இருந்து சுயேச்சையான பெண் இயக்குநர் ஒருவர் வேண்டும் என்று விதித்தது. சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலில் இருந்து, முதல் 1000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலில் இருந்து. குடும்பப் பெண்கள் திறமை இல்லாதவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கணக்கையே பார்க்காத ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்தால் கம்பெனிக்கும் பயன் இல்லை, அவருக்கும் இல்லை.

உங்கள் மனைவிக்கு இதில் ஆபத்தும் இருக்கிறது. புரொப்ரைட்டர் என்றால் கடன், ஜிஎஸ்டி பாக்கி எல்லாம் சட்டப்படி அவர் தலையில். நோட்டீஸ் வந்தால் அவர் பெயருக்குத்தான் வரும், கடனுக்கான சிபில் ஸ்கோர் கெட்டாலும் அவருடையதுதான் கெடும். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. மாதம் ஒருமுறை வங்கி ஸ்டேட்மென்டையும் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் மூன்று பேரும் உட்கார்ந்து பாருங்கள். மகளுக்கு 18 முடிந்ததும் பார்ட்னர்ஷிப்பாகவோ, பொறுப்பு வரையறுக்கப்பட்ட பார்ட்னர்ஷிப்பான எல்எல்பியாகவோ மாற்ற முடியுமா என்று உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். அம்மா பட்ட அதே நிலைக்கு மகளையும் கொண்டுவந்துவிடக் கூடாது.

படிப்புக்கு வருவோம். கணக்கில் நல்ல மதிப்பெண் எடுக்கிறாள் என்றால், பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்புக்கு முயலலாம். ஐஐஎம் இந்தூர் 2011-ல் தொடங்கியது, பிறகு வேறு சில ஐஐஎம்களிலும் வந்தது. நுழைவுத் தேர்வு கடினம், போட்டி அதிகம். கிடைக்கவில்லை என்றால் பி.காம் சேர்ந்து, கூடவே செலவுக் கணக்கியல் படிப்பான சிஎம்ஏவை இன்டர் வரைக்கும் படிக்கட்டும். காஸ்டிங், அதாவது அடக்க விலைக் கணக்கு, தெரியாமல் எக்ஸ்போர்ட் ஆர்டர் எடுக்க முடியாது, அதை அந்தப் படிப்பு நன்றாகச் சொல்லித்தரும். சுமாரான கல்லூரியில் பிபிஏ சேர்ப்பதைவிட இது மேல் என்பது என் கருத்து. அப்புறம் கோவையில் ஜவுளித் துறைக்கென்றே எம்பிஏ இருக்கிறது, அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படித்து முடித்ததும் நேரே உங்கள் ஆபீசுக்குக் கூட்டி வராதீர்கள். இரண்டு வருடம் திருப்பூரிலோ சென்னையிலோ, அப்பா யாரென்று தெரியாத ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைக் கவனித்து முடித்துக் கொடுப்பவராக, வேலை பார்க்கட்டும். பையர் மெயில், சாம்பிள், டெலிவரி தேதி என்று எல்லாவற்றிலும் திட்டு வாங்கிக் கற்றுக்கொள்வாள். திரும்பி வந்ததும், ஜனவரி தோறும் பிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற ஹோம் டெக்ஸ்டைல் கண்காட்சிக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஒரு பையரோடு முழுக்க அவளே விலை பேசட்டும்.

பொட்டிக் அவள் கேட்டதில்லை, அதை விட்டுவிடுங்கள். பிற்பாடு தனியாக ஒரு யூனிட் போட நினைத்தால் மாவட்டத் தொழில் மையத்தில் தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். 5 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம் உண்டு, உச்சவரம்பு 75 லட்சம். பொதுப் பிரிவு ஆண்கள் போடும் சொந்த முதல் 10 சதவீதம் என்றால் பெண்களுக்கு 5 சதவீதம் போதும். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான திட்டம் என்பதால் உங்கள் தொழில் இருக்கும்போது அவளுக்குப் பொருந்துமா என்பதை அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பொதுத்தேர்வு முடிந்ததும் கல்லூரி திறக்கும் வரை கையில் நேரம் இருக்கும். அந்த நாட்களில் சனிக்கிழமைக் கூலிக் கணக்கை அவளிடம் கொடுங்கள். மே மாதம் மூன்று பேரும் என்னை வந்து பாருங்கள். போன வருட பேலன்ஸ் ஷீட்டையும் எடுத்து வாருங்கள், மகளே அதைப் படித்து எனக்கு விளக்கட்டும்.