செய்தது யார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சில மாதங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை. எங்கள் மருத்துவமனையில் ஊழியர்களின் மன அயர்ச்சியைக் குறைக்கக் ‘கதை எழுதும் பயிற்சி’ தொடங்கியிருக்கிறார்கள். வாரம் ஒரு பக்கம் எழுதி, மாதக் கடைசியில் நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். நான் முயன்றபோது வந்தது இதுதான்: “நோயாளி அதிகாலையில் அனுமதிக்கப்பட்டார். உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது. பலனளிக்கவில்லை. உறவினரிடம் தெரிவிக்கப்பட்டது.” அவருடைய மூக்குக்கண்ணாடியை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் அன்று முழுவதும் என் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அதையெல்லாம் எழுதலாமா? எழுதுவதால் உண்மையிலேயே பயன் உண்டா? நாங்கள் எழுதப் பழக எந்த நூல்களைப் படிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

அண்மையில் உறவினர் ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்க நேர்ந்தது. பக்கம் பக்கமாக எல்லாம் செய்யப்பட்டிருந்தன, கொடுக்கப்பட்டிருந்தன, கண்காணிக்கப்பட்டிருந்தன. செய்தவர் என்று ஒருவரும் இல்லை. அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

பயன் உண்டா என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை உலுக்கிய நிகழ்வை நான்கு நாட்கள் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை இன்னும் மோசமாகவே இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியதுதான். போதுமா? உலக சுகாதார நிறுவனமே 2019-இல் இந்த அயர்ச்சியை நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத பணிச்சூழல் அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. உங்கள் பிரிவுக்கு இன்னொரு செவிலியர் தேவையென்றால் நோட்டுப் புத்தகம் அந்த இடத்தை நிரப்பாது.

இனி, நீங்கள் எழுதிய அந்த நான்கு வாக்கியங்கள். உங்களைத் திட்டத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“உறவினரிடம் தெரிவிக்கப்பட்டது.” தெரிவித்தது யார்? நீங்களா, பணி மருத்துவரா? அவர் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் நின்றீர்களா, வேறு படுக்கையில் வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டீர்களா? கேட்டவர் மகனா, மனைவியா? முதலில் என்ன கேட்டார்? “உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது.” அளித்தது உங்கள் கை. அந்தக் கைக்கு ஒரு நாள் முழுவதும் என்ன நடந்தது என்பதை மறைப்பதற்கென்றே செய்த வாக்கியம் இது. மருத்துவமனைக் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுத வேண்டும், அதில் எனக்குப் புகார் இல்லை. அங்கே அடுத்த ஷிஃப்டுக்கு வருபவருக்கு உங்கள் மனம் தேவையில்லை, மருந்தின் அளவு தேவை. ஆனால் அதே மொழியை வீட்டுக்கும் கொண்டுவந்து, தனியாக உட்கார்ந்து எழுதும்போதும் அதிலேயே எழுதினால், உங்களை நீங்களே வாக்கியத்திலிருந்து வெளியேற்றிவிடுகிறீர்கள். பிறகு எதிலும் மனம் ஒட்டவில்லை என்கிறீர்கள். எப்படி ஒட்டும்?

மூக்குக்கண்ணாடியை எழுதலாமா என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது! கடிதம் முழுவதிலும் ‘நான் செய்தேன்’ என்று உயிரோடு நிற்கும் வாக்கியம் அது ஒன்றுதான். அதை ஓரத்தில் வைத்துவிட்டு மற்ற நான்கையும் கதை என்று நீட்டியிருக்கிறீர்கள்.

ரீட்டா சாரோன் என்ற மருத்துவர் 1993-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தன் மாணவர்களிடம் இணையாக ஒரு குறிப்பேடு எழுதச் சொன்னார். மருத்துவமனைக் குறிப்பேட்டில் இடமில்லாத, ஆனால் எங்கேயாவது எழுதியாக வேண்டிய விஷயங்களுக்காக. அது நாட்குறிப்பு அல்ல என்பதில் அவர் கறாராக இருந்தார். குறிப்பிட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுத வேண்டும், எழுதியதைச் சக மாணவர்கள் முன் வாசிக்க வேண்டும். ‘எனக்கு வருத்தமாக இருக்கிறது’ என்று பத்து முறை எழுதுவதற்கு அங்கே வேலையில்லை.

எந்த நூல்களைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். என் சித்தி செவிலியராக இருந்தவர். பள்ளிப்படிப்புக்கு மேல் எதுவும் வாசித்ததில்லை. இரவுப் பணி முடித்து வந்தால் சமையலறை வாசலில் உட்கார்ந்து என் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்வார். பெயர் சொல்ல மாட்டார், படுக்கை எண்தான். “ஏழாம் நம்பர்காரரிடம் நான் பொய் சொன்னேன் அக்கா. மகன் கிளம்பிவிட்டான் என்று சொன்னேன். அவன் கிளம்பவேயில்லை.” அம்மா ஆறுதல் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கை வேலையை நிறுத்தாமல் “அப்புறம்?” என்பார். சித்தி அடுத்த படுக்கைக்குப் போவார். பின்னாளில் பதவி உயர்ந்து அலுவலக அறைக்குப் போனதும் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தபோதும் பணிப் பட்டியல் தகராறுகளைத்தான் சொன்னார். அந்தத் தகராறுக் கதைகளில் எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.

உங்கள் பிரிவில் “அப்புறம்?” என்று கேட்கக்கூடியவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நோயாளியின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, வேறு அடையாளங்களும் தெரியாதபடி எழுதுங்கள்.

ஆனால் மாதக் கடைசியில் நிர்வாகத்திடம் கொடுப்பது என்ன ஏற்பாடு? மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்து எவராவது “நான் பொய் சொன்னேன்” என்று எழுதுவாரா? “உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது” என்றுதான் எழுதுவார். உங்களுக்கு அந்த நான்கு வாக்கியங்கள் வந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம், ஆகவே திட்டியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த நான்கையே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மற்றதை வேறு நோட்டில் எழுதுங்கள்.