ஆடியோகிராம் நார்மல், ஆனால் பேக்கரியில் பேச்சு புரியவில்லை

கேள்வி: எனக்கு வயது 43. சோமனூர் அருகே சொந்தமாக விசைத்தறிக் கூடம் நடத்துகிறேன். தனியாக ஒருவரோடு பேசும்போது எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. பேக்கரியிலோ கல்யாண மண்டபத்திலோ நாலு பேர் கூடிவிட்டால் குரல் மட்டும் கேட்கிறது, சொன்னது என்ன என்பது பிடிபடுவதில்லை. கோவையில் காது பரிசோதனை செய்தபோது நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே காதில் வாங்காமல் இருக்கிறேன் என்று மனைவிக்கு வருத்தம். ஒரு கடையில் காது மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். ஆடியோகிராம் என்ற கட்டம் போட்ட படம் ஒன்று இருக்கும். வலது காதுக்கு வட்டமும் இடது காதுக்குப் பெருக்கல் குறியும் போட்டிருப்பார்கள். பல இடங்களில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் (ஒலியின் சுருதியைக் குறிக்கும் அளவு) ஆகிய மூன்றிலும் கேட்ட அளவின் சராசரியை மட்டும் பார்த்து நார்மல் என்று எழுதிவிடுகிறார்கள். தறிச் சத்தம் முதலில் கைவைப்பது அங்கே அல்ல. 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், குறிப்பாக 4000-த்தில். அந்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கி, 8000-த்தில் மறுபடி மேலேறினால் அது இரைச்சலால் வந்த பாதிப்பின் அடையாளம். சராசரிக் கணக்கில் இந்தப் பள்ளம் மறைந்துபோகும். 3000-மும் 6000-மும் அளக்கப்படவே இல்லை என்றால், அவற்றையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் தறிப்பக்கம் போகாமல் இருங்கள். கூடத்துக்கு விடுமுறை விட்ட மறுநாள் காலை இதற்கு வசதி.

எல்லாக் குறிகளும் 20 டெசிபலுக்குள்தான் இருக்கின்றன என்றால்? அப்போதும் உங்கள் சிரமம் பொய்யாகிவிடாது. சத்தம் புகாத அறையில் எவ்வளவு மெல்லிய ‘பீப்’ ஒலி உங்களுக்குக் கேட்கிறது என்பதைத்தான் ஆடியோகிராம் அளக்கிறது. பால் கொதிக்கிற பாய்லர், ரோட்டில் பஸ் ஹாரன், பக்கத்து மேஜைப் பேச்சு இத்தனைக்கும் நடுவே ஒரு குரலைப் பிரித்தெடுப்பது காதும் மூளையும் சேர்ந்து செய்கிற வேலை. கட்டு, பட்டு, தட்டு என்ற மூன்றையும் வேறுபடுத்துவது முதல் மெய்யின் நொடிப்பொழுது ஒலி மட்டுமே. உயிரொலி உரத்து வரும், மெய்யோ இரைச்சலில் முங்கிவிடும். ‘குரல் கேட்கிறது, பேச்சு புரியவில்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான்.

எலிகளை வைத்து 2009-இல் அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெருஞ்சத்தத்துக்குப் பின் கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது. ஆனால் உட்காதிலிருந்து நரம்புக்குப் போகும் இணைப்புகளில் பல நிரந்தரமாக அற்றுப்போயிருந்தன. மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் இன்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. அதை உறுதிசெய்ய வழக்கமான பரிசோதனையும் கிடையாது. ஆகவே உங்களுக்கு இருப்பது இந்த ‘மறைந்திருக்கும் கேட்புக்குறைவு’தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

கேட்புத்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் நீங்கள் கேட்க வேண்டியது, இரைச்சலுக்கு நடுவே பேச்சு எவ்வளவு புரிகிறது என்று பார்க்கும் சோதனை. சொற்பட்டியல் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலச் சொற்களை வைத்துச் சோதித்தால் காதை விட்டுவிட்டு உங்கள் ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போட்டதாகிவிடும். கூடவே நடுக்காதைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி, உட்காதின் எதிரொலியைப் பதியும் ஓ.ஏ.இ. சோதனை. ஓ.ஏ.இ. நன்றாக வந்தும் பேச்சு மிகமிகக் குறைவாகப் புரிந்தால், கேட்பு நரம்பின் மின்துடிப்பைப் பதியும் பெரா (BERA) பரிசோதனை அவசியம். கேட்பு நரம்பு ஒலியை ஒழுங்காகக் கடத்தாத கோளாறு அதில் பிடிபடும். இவ்வளவையும் ஒரே இடத்தில் செய்ய முடியாவிட்டால் திம்பம் மலைப்பாதை ஏறி மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்புக் கழகத்துக்குப் போய்வரலாம். இரவு ஷிப்ட், தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே தொல்லையைத் தரும் என்பதால் அவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மெஷினைப் பொறுத்தவரை: ஆடியோகிராம் நார்மலாக இருப்பவருக்கு எல்லா ஒலியையும் ஒரே சீராகக் கூட்டிக் கொடுத்தால் பாய்லரும் கூடும். திசை அறியும் மைக் உள்ள கருவியைக் குறைந்த ஒலியில் வைத்துச் சிலர் பயன் பெறுகிறார்கள். அதைவிட, பேசுபவரின் சட்டையில் செருகிக்கொள்ளும் ரிமோட் மைக் இரைச்சலில் அதிகம் கைகொடுக்கும். எதுவானாலும் சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுக்காத கடையில் பணத்தைக் கட்டாதீர்கள்.

செலவில்லாத வழிகளும் உண்டு. பேக்கரியில் பாய்லரும் ரோடும் முதுகுப்பக்கம் இருக்கும்படி, எதிரே இருப்பவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். திறந்தவெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் பேச்சு 6 டெசிபல் கூடும், ஆகவே நெருங்கி உட்காரக் கூச்சப்பட வேண்டாம். புரியாதபோது வெறுமனே ‘என்ன’ என்று கேட்டால் அதே வாக்கியம் அதே வேகத்தில் திரும்பி வரும். ‘எத்தனை மீட்டர் என்று சொன்னீர்கள்?’ என்று கேளுங்கள். வியாபாரியிடம் நூல் ரகத்தையும் மீட்டர் கணக்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். மிக்ஸி ஓடும்போது சமையலறையிலிருந்து பேசாமல், பக்கத்தில் வந்து முதலில் கூப்பிட்டுவிட்டுப் பேசும்படி மனைவியிடம் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். இரைச்சல் சோதனையில் நீங்கள் திணறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் ‘வேண்டுமென்றே’ என்ற பேச்சு அநேகமாக அடங்கிவிடும்.

ஒரு காதில் மட்டும் கேட்பது திடீரென்று குறைந்தாலோ, கூடவே தலைசுற்றல் வந்தாலோ இத்தனைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.

விசைத்தறிக் கூடங்களில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலே பாதுகாப்பின் எல்லை. பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை. காதை முழுதாக மூடும் இயர்மஃப்போ சரியாகப் பொருந்தும் இயர்ப்ளக்கோ வேண்டும். உங்களுக்கு ஒன்று வாங்கும்போது தறி ஓட்டுகிறவர்களுக்கும் சேர்த்தே வாங்குங்கள். நீங்கள் கணக்குப் பார்க்க வெளியே வருகிறீர்கள், அவர்கள் ஷிப்ட் முடியும் வரை உள்ளேயே நிற்கிறார்கள்.