மண்கரையில் கசிவு: வாசகர் கேள்விகள்

கே: சொந்த நிலத்தில் ஒரு பள்ளத்தை மறித்து 3 மீட்டர் உயரத்துக்கு மண்கரை போட்டோம். மழையில் குட்டை நிரம்பியதும் கரையின் வெளிப்புற அடியில் நீர் கசிகிறது. உடைந்துவிடுமா?

ப: கசியும் நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்து, அளவும் கூடாவிட்டால் அவசரமில்லை. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது. உடனே மோட்டார் வைத்து நீர்மட்டத்தை இறக்குங்கள். கரைக்குக் கீழே ஆள், மாடு யாரும் நிற்கக் கூடாது.

பலர் வெளிப்புறத்தில் களிமண்ணை அப்பி அடைக்கிறார்கள். அது கெடுதல். போக வழியில்லாத நீர் கரைக்குள் ஊறி, வெளிச்சரிவே சரிந்துவிடும். தெளிந்த கசிவு இருக்கும் இடத்தில் முதலில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் கல் என்று அடுக்குங்கள். நீர் வெளியேறும், மண் நகராது.

கரையின் அடியில் நீர் வெளியே எடுக்கக் குழாய் பதித்திருந்தால், அதை ஒட்டிக் கசிகிறதா என்றும் பாருங்கள். குழாயின் அடிப்பக்கம் மண் எளிதில் இறுகாது. சிறு கரைகள் பல சமயம் அங்கிருந்துதான் உடைகின்றன. கோடையில் குட்டை வற்றியதும் தோண்டி, குழாயைச் சுற்றிக் கான்கிரீட் தடுப்புகள் வைத்து, ஈரப்பதமுள்ள களிமண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டுத் திமிசால் இடியுங்கள். காய்ந்த கட்டியும் சேறும் உதவாது.

கே: உபரி நீருக்குக் கரையின் நடுவில் கலிங்கு வைக்கலாமா?

ப: கூடாது. புதுமண் எப்படியும் அமுங்கும். அதன்மேல் ஓடும் நீர் கரையையே அறுக்கும். கரை முடியும் ஓரத்தில், தோண்டாத கெட்டித் தரையில் அகலமாக வெட்டிப் புல் வளருங்கள். கலிங்கின் மட்டத்தைவிடக் கரை உச்சி 1 மீட்டராவது உயர்ந்திருக்கட்டும்.

கே: கரைமேல் தென்னை?

ப: வேண்டாம். மரம் பட்டதும் வேர் மக்கி, நீர் போகும் துளையாகும். அருகம்புல் போதும். எலி வளை, நண்டு வளைகளைத் தோண்டி இடித்து மூடுங்கள்.

கே: எவ்வளவு நீர் நிற்கும்?

ப: உத்தேசமாக: மண்கரை நெடுக நீர் நிற்கும் நீளம், நீர் பின்னோக்கி நிற்கும் தூரம், அதிகபட்ச ஆழம், மூன்றையும் பெருக்கி 6-ஆல் வகுங்கள். 40 × 60 × 2 மீட்டர் என்றால் 800 கன மீட்டர், அதாவது 8 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். கணக்குக்கு நான்கு பாய்ச்சல். வெயிலும் கசிவும் தின்றது போக இரண்டை நம்பலாம். மாட்டைக் குட்டைக்குள் இறக்காதீர்கள், குளம்பு பட்டு உட்சரிவு இடியும். வெளியே தொட்டி கட்டி அதில் நீர் விடுங்கள்.