வாசகர் கேள்வி பதில்: இணையப் பெயரின் ஈறு எதைச் சொல்கிறது?

கேள்வி: கைத்தறிச் சேலை நெய்து விற்கும் குடும்பம் எங்களுடையது. இணையத்தளம் அமைக்க விரும்புகிறோம். 'டொட் கொம்' என்றால்தான் தேடுபொறியில் முன்னுக்கு வரும் என்றும், பெயரைத் தன்னுடைய கணக்கிலேயே பதிந்து தருவதாகவும் தளம் செய்பவர் சொல்கிறார். 'டொட் எல்கே' போதாதா?
வாசகர் ஒருவர், மருதமுனை

பதில்: போதும். ஈற்றில் 'கொம்' இருப்பதற்காக ஒரு தளத்தை முன்னுக்குக் காட்டுவதில்லை என்று கூகுள் நிறுவனமே தெளிவுபடுத்தியுள்ளது. ஆனால் நாட்டுக்குரிய ஈற்றை, அத்தளம் அந்நாட்டு மக்களுக்கானது என்பதற்கான அடையாளமாக அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே கல்முனையிலும் கொழும்பிலும் உள்ளவர்களே உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால் இலங்கைக்குரிய 'எல்கே' நன்று. கனடாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்புவதே நோக்கமென்றால் 'கொம்' பொருத்தமானது.

1985இல் வணிக நிறுவனங்களுக்கென ஏற்படுத்தப்பட்ட 'கொம்', இன்று எவரும் பதியக்கூடியதாக இருப்பதால், அது ஒரு வியாபாரத்தின் நேர்மைக்குச் சான்றாகாது. இரண்டெழுத்து ஈறுகள் நாடுகளுக்கோ ஆட்புலங்களுக்கோ உரியவை. அவற்றுள்ளும் துவாலு நாட்டின் 'டிவி' போன்றவை உலகெங்கும் விற்கப்படுகின்றன. இதற்கு மாறாக, 'கவ் டொட் எல்கே' அரச நிறுவனங்களுக்கும், 'ஏசி டொட் எல்கே' உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மட்டுமே வழங்கப்படுவதால், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முகவரியில் அந்த ஈற்றைக் காணும்போது அதை நம்பலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது ஈறு அன்று; பெயர் இன்னொருவர் கணக்கில் பதியப்படவிருப்பதுதான். ஆள்களப் பெயரை, அதாவது தளத்தின் முகவரியாக அமையும் பெயரை, எவரும் நிரந்தரமாக வாங்குவதில்லை. வயலைக் குத்தகைக்கு எடுப்பதுபோல, ஆண்டுக்கணக்கில் கட்டணம் செலுத்தி அதன் உரிமையை வைத்திருக்கிறோம்; 'கொம்' பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதியலாம். பதிவேட்டில் உரிமையாளராக யார் இருக்கிறாரோ அவரிடமே பெயர் இருக்கும். நாளை அவருடன் மனஸ்தாபம் ஏற்பட்டால், சேலைப் பெட்டிகளிலும் பற்றுச்சீட்டுகளிலும் நீங்கள் அச்சிட்ட முகவரி உங்கள் கையில் இராது. ஆகவே உரிமையாளர் பெயரும் மின்னஞ்சலும் உங்களுடையவையாகவும், கணக்கின் கடவுச்சொல் உங்களிடமும் இருக்கட்டும். தளத்தை அமைப்பதும் அதைச் சேவையகத்தில் (தளத்தை இணையத்தில் வழங்கும் கணினியில்) வைத்திருப்பதும் வேறு வேலைகள். அவற்றை அவரிடமே ஒப்படைக்கலாம். புதுப்பிக்கும் திகதியையும் குறித்து வையுங்கள். காலாவதியாகி நீக்கப்பட்ட 'கொம்' பெயரை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு எனினும், அதற்கு மேலதிகக் கட்டணம் கேட்கப்படும். அதுவும் கடந்தால் யார் வேண்டுமானாலும் அப்பெயரைப் பதிந்துகொள்வார்.

கேள்வி: எங்கள் சங்கத்துக்குத் தமிழிலேயே முகவரி எடுக்க முடியுமா?
வாசகி ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: முடியும். 'டொட் இலங்கை' என்ற தமிழ் ஈறு 2010 முதல் உள்ளது; 'எல்கே'யை நிருவகிக்கும் பதிவகமே இதையும் நிருவகிக்கிறது. ஆயினும் தமிழ் முகவரி கொண்ட மின்னஞ்சலைப் பல படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை என்பதால், ஆங்கில எழுத்து முகவரி ஒன்றையும் சேர்த்து வைத்திருங்கள்.

கேள்வி: வங்கியிலிருந்து வந்ததாகக் காட்டும் குறுஞ்செய்தி இணைப்புகளில் 'எல்கே' இருக்கிறது. நம்பலாமா?
வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: 'எல்கே' எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். முகவரியின் தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின், அடுத்த சாய்கோடு வரையுள்ள பகுதியை மட்டும் எடுத்து, வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'வங்கி டொட் எல்கே டொட் பரிசு டொட் இன்ஃபோ' என்றிருந்தால், அது வங்கியின் தளமன்று. 'பரிசு டொட் இன்ஃபோ' என்ற பெயரைப் பதிந்தவரின் தளம், இடப்பக்கத்தில் எதையும் எழுதிக்கொள்ள அவருக்கு முடியும். முகவரிக்கு அருகில் தோன்றும் பூட்டுச் சின்னம், தகவல் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டுச் செல்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. மோசடித் தளங்களுக்கும் அது கிடைக்கும். வங்கியின் முகவரியைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்து நீங்களே தட்டச்சுச் செய்து செல்லுங்கள். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடவேண்டாம்.