மரக்காலில் நிற்கும் வீடு

கேள்வி: ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கும் என் மகன், நகர நடுவே கால்வாய்க்கரையில் பழைய பெரிய வீடு வாங்கப் பார்க்கிறான். எதைக் கவனிக்கச் சொல்ல?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் அஸ்திவாரம். அங்கே மண் பொதபொதவென்றிருக்கும். சுமார் 12 மீட்டர் ஆழத்தில் உள்ள மணல்வரை இறக்கிய மரக்கம்பங்கள்தான் வீட்டைத் தாங்குகின்றன. நம்ம குளத்துச் சேற்றில் புதைந்த கட்டை மாதிரி, தண்ணீருக்குள் இருக்கும்வரை மக்காது. நிலத்தடி நீர் இறங்கி, கம்பத்தின் தலையில் காற்றுப் பட்டால் பூஞ்சை அரித்துவிடும். கதவு இழுபடும், செங்கல் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும். முன்சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருந்தால் பயமில்லை, கயிறு கட்டி மாடிக்குத் தூக்கும் சாமான் சுவரில் இடிக்காமலிருக்க அப்படியே கட்டினார்கள். பக்கவாட்டுச் சாய்வுதான் ஆபத்து. அஸ்திவார ஆய்வறிக்கை பார்க்காமல் கையெழுத்து வேண்டவே வேண்டாம். போட்டுவிட்டாலும், ஒப்பந்த நகல் கைக்கு வந்தபின் விலகிக்கொள்ள 3 நாள் உண்டு. பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் ஜன்னல் மாற்றவும் அனுமதி வேண்டும். சனிக்கிழமை இரவு அந்தத் தெருவில் நின்று, சத்தத்தையும் கேட்டுவிடச் சொல்லுங்கள்.