லோவர் ஆர்ம் புதுசாக மாற்றியும் ஆறே மாதத்தில் 'டொக் டொக்' சத்தம் ஏன்?

பட்டறையில் காடிக்கு (காருக்கு) முன்பக்க லோவர் ஆர்ம், அதாவது சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை, மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது, பம்ப் ஏறி இறங்கினால் மறுபடி சத்தம், போலிச் சாமானா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் சாமானைத் திட்டும் முன், போல்ட்டைக் காடி எந்த நிலையில் இருக்கும்போது முறுக்கினார்கள் என்று கேளுங்கள்.

நானும் சூடுபட்டவன்தான். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மைவி காடிக்கு இரண்டு பக்கமும் நானே மாற்றினேன். ஆர்மைச் சக்கரப் பக்கம் மாட்டும் உருண்டை மூட்டு, பால் ஜாயிண்ட், உயிரை வாங்கியது. (நட்டை முழுசாகக் கழற்றாமல் நாலு மரை விட்டுவைத்து அது மாட்டியிருக்கும் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பின்) பக்கவாட்டில் தட்டுங்கள், மரைமேல் தட்டினால் போச்சு.) மற்றதெல்லாம் சுலபம். காடி ஸ்டாண்டில், சக்கரம் தொங்க, நிற்கும்போதே எல்லா போல்ட்டையும் பலம்கொண்ட மட்டும் இறுக்கிவிட்டு, பெருமையாகக் கை கழுவப் போனேன்.

எட்டே மாதம். மேல்மாடி அங்கிள் அந்தக் காலத்து போர்மேன். டார்ச் அடித்துப் பார்த்தார். ஆர்மை அடிச்சட்டத்தில் போல்ட் போடும் இடத்திலுள்ள புஷ் ரப்பர் வட்டமாகக் கிழிந்திருந்தது. "சக்கரம் தொங்கும்போதே முறுக்கிட்டியா தம்பி?" என்றார்.

விஷயம் இதுதான். புஷ் பேரிங் மாதிரி சுழலாது. நடுவில் இரும்புக் குழாய், சுற்றி ரப்பர், இரண்டும் ஒட்டியே இருக்கும். போல்ட்டை இறுக்கினால் குழாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்க ரப்பர்தான் முறுகிக்கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது பூட்டினால், காடியை இறக்கியதுமே ரப்பர் முறுகிய நிலைக்குப் போய்விடும். சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் அதற்கு ஓய்வில்லை.

இரண்டாம் முறை அங்கிள் சொன்னபடி செய்தேன். கழற்றும் முன், காடி தரையில் நிற்கையில், சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டினேன். புது ஆர்ம் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, பால் ஜாயிண்ட் பக்கம் ஆர்முக்கு அடியில் ஜாக் வைத்து அதே அளவு வரும்வரை தூக்கினேன். ஸ்டாண்டை எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. அதற்கப்புறம்தான் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), மேனுவலில் போட்ட அளவுக்கு. மறுநாளே அலைன்மெண்ட்.

உங்கள் காடியிலும் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் கிழியாமல் இருந்தால் ஸ்டெபிலைசர் லிங்க்கை (வளைவில் காடி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்புத் தண்டை) பிடித்து ஆட்டுங்கள். அதுவும் இதே மாதிரிதான் சத்தம் போடும்.